ஏன் என்ற கேள்விக்கு முன்

மனநல ஆலோசகராக வேலை பார்த்த வருடங்களை நினைக்கும்போது நான் எழுதக்கூடியவை தனித்தனி மனிதர்களின் கதைகள் அல்ல. அந்தக் கதைகள் அவர்களுடையவை. பெயரையும் ஊரையும் மாற்றிச் சொன்னாலும், சம்பந்தப்பட்டவர் தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்வார். ஆனால் எத்தனையோ பேரின் பேச்சில் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு பாங்கு உண்டு. அதைப் பற்றி எழுதலாம். வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலோர் முதலில் உடம்பைத்தான் சொல்வார்கள். நெஞ்சு படபடப்பு, தலை கிறுகிறுப்பு, வயிற்றில் கேஸ், ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு. ஈ.சி.ஜி., ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்து ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லப்பட்ட ஃபைல் மடியில் இருக்கும். உடம்பைச் சொல்லி முடித்தபின் அந்தக் கேள்வி வரும்: “நான் ஏன் இப்படி இருக்கேன்?” கேட்ட மூச்சிலேயே பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். “சின்ன வயசுலருந்தே நான் சென்சிடிவ்.” “எங்க அம்மாவும் இப்படித்தான்.” “எனக்கு வில்பவர் கிடையாது.” “ஏழரைச் சனி நடக்குது.” இத்தனை வருடங்களில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று, இந்தப் பதில்தான் அவர்களின் சுய அறிவில் மிகவும் பலவீனமான பகுதி என்பது. தன்னைப் புரிந்துகொள்வது காரணம் கண்டுபிடிப்பதில் தொடங்குவதில்லை. என்ன நடந்தது, எப்போது, எங்கே, உடம்பில் என்ன ஆனது, அந்த நொடியில் மனதில் ஓடிய வாக்கியம் எது என்று பார்த்து, அதைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒருவரிடம் சொல்வதில் தொடங்குகிறது. ‘ஏன்’ என்பதற்கும் இடம் உண்டு. ஆனால் அதன் முறை பிறகுதான்.

காரணங்களை நான் இவ்வளவு சந்தேகிப்பதற்குச் சான்று இருக்கிறது. 1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் விவரித்த சோதனைகளில் ஒன்று கடையில் நடந்தது. நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வருகிறவர்களிடம் கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒரே மாதிரியானவை. ஆனாலும் வலக்கோடியில் இருந்ததை, இடக்கோடியில் இருந்ததைப் போல ஏறக்குறைய நான்கு மடங்குப் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் அதை எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு நெசவு, மென்மை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். வைத்திருந்த இடம் ஒரு காரணமாக இருக்குமோ என்று கேட்டபோது மறுத்துவிட்டார்கள். 2005-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். இரண்டு முகப் படங்களைக் காட்டி எது அழகு என்று கேட்டு, கைவித்தைக்காரரின் லாவகத்தோடு படத்தை மாற்றி, தேர்ந்தெடுக்காத முகத்தைக் கையில் கொடுத்தார்கள். பெரும்பாலோர் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. அதோடு, தாங்கள் தேர்ந்தெடுக்காத அந்த முகத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று சரளமாக விளக்கமும் கொடுத்தார்கள். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மனம் காரணம் சொல்லும்போது பழைய ஏட்டைப் புரட்டிப் படிப்பதில்லை. அந்த நேரத்தில், கையில் கிடைக்கும் பொருத்தமான விளக்கத்தை எடுத்துக் கோத்துவிடுகிறது. கோத்தது நினைவு போலவே உணரப்படுகிறது என்பதுதான் சிக்கல்.

கையில் கிடைக்கும் விளக்கங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி நம்முடையவையே அல்ல. வீட்டில் யாரோ ஒருவர் எப்போதோ வைத்த பெயர்கள் அவை. இவன் கோபக்காரன், இவள் அழுமூஞ்சி, பெரியவன் பொறுப்பானவன், சின்னவன் விளையாட்டுப்பிள்ளை. ஒரு குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாத்திரம் பிரித்துக் கொடுத்தாயிற்று என்றால், நாற்பது வயதிலும் அந்தப் பாத்திரமே விளக்கமாக நிற்கும். ‘நான் கோபக்காரன்’ என்று நம்புகிறவர், கோபம் வராத இருபத்துமூன்று மணி நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கோபம் வந்த அந்த ஒரு மணி நேரத்தையும் உற்றுப் பார்ப்பதில்லை, ஏனென்றால் விடை முன்கூட்டியே இருக்கிறது. இந்தக் காலத்தில் வீட்டுப் பெயர்களோடு புதிய பெயர்களும் சேர்ந்துவிட்டன. ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்து “எனக்கு டிராமா”, “நான் ஆங்ஷியஸ் டைப்”, “அவர் நார்சிசிஸ்ட்” என்று சொல்கிற இளைஞர்களை எல்லா ஆலோசகர்களும் பார்க்கிறார்கள். அவர்களின் வேதனை மெய்யானது. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் ‘அழுமூஞ்சி’ என்ற சொல் எந்த வேலையைச் செய்ததோ அதே வேலையைத்தான் இந்தப் புதுச் சொல்லும் செய்கிறது. பார்க்கவேண்டிய இடத்துக்கு மேல் ஒரு மூடியைப் போட்டுவிடுகிறது.

அதைவிடக் கவலை தருவது, ஏன் ஏன் என்று தனக்குள்ளேயே சுற்றுவது வெறும் பயனற்ற வேலையாக நின்றுவிடாமல் கெடுதலாகவும் முடிகிறது என்பது. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டில் வேலை பார்த்தபோது, மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதைப் பற்றி மாணவர்களிடம் ஒரு வினாத்தாளில் தகவல் திரட்டியிருந்தார். இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியையே உலுக்கிய லோமா பிரியட்டா நிலநடுக்கம் வந்தது. பேரிடருக்கு முன் எடுத்த அளவு கையில் இருக்கும் வாய்ப்பு ஓர் ஆய்வாளருக்கு அபூர்வமாகத்தான் அமையும். அவர் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களிடம் போனார். தன் துயரத்தையும் அதன் காரணத்தையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும் வழக்கம் உள்ளவர்களிடம், நிலநடுக்கத்துக்குப் பின் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. முன்பே சோர்வாக இருந்தவர்கள் யார் என்பதைக் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. இப்படி அசைபோடுகிறவர்களுக்கு, தாங்கள் தங்களைப் பற்றி ஆழமாக யோசிக்கிறோம் என்ற உணர்வு இருக்கும். அதனால்தான் விடவும் முடிவதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் சும்மா இருக்கவில்லை. கடுமையாக உழைக்கிறார். அந்த உழைப்பிலிருந்து புதிய தகவல் ஒன்றும் பிறப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

இதற்கு மாற்று என்ன என்பதற்கு மனநல மருத்துவர் ஏரன் பெக்கின் தொழில்வாழ்க்கையைப் பார்க்கலாம். 1921-இல் பிறந்து நூறு வயது வாழ்ந்த பெக், ஃபிலடெல்ஃபியாவில் உளப்பகுப்பாய்வு முறையில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்று அந்த மரபு சொன்னது. கேட்க நிறைவான ஒரு ‘ஏன்’ அது. பெக் அதை நிறுவுவதற்காகவே சோர்வுற்றவர்களின் கனவுகளை ஆராய்ந்தார். அவற்றில் அவர் எதிர்பார்த்த கோபம் தென்படவில்லை. தோல்வி, இழப்பு, ஏமாற்றம்தான் திரும்பத் திரும்ப வந்தன. அதன்பின் அவர் கோட்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, பேசிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் மனதில் என்ன ஓடுகிறது என்று நோயாளிகளிடமே கேட்க ஆரம்பித்தார். பேச்சுக்கு அடியில் இன்னொரு வரிசை வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருப்பது தெரியவந்தது. யாரும் கேட்காததால் அதுவரை யாரும் சொல்லாதவை. இந்தக் கவனிப்பிலிருந்து உருவான எண்ணக் குறிப்பேடு இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதினால் போதும். மாதிரிக்காக நான் அமைத்த ஒரு பதிவு இது: செவ்வாய், சாயங்காலம் ஆறேகால். அடுப்படி. மாமியார் ஹாலில் போனில் யாரிடமோ பேசிச் சிரித்தார். தொண்டை அடைத்தது, தோள்பட்டை இறுகியது. ‘என்னைப் பற்றித்தான் சொல்லிச் சிரிக்கிறார்.’ கோபம், நூற்றுக்கு எழுபது. அவமானம், எண்பது. குக்கர் மூடியை ஓங்கி வைத்தேன். ராத்திரி சாப்பிடவில்லை.

இந்த ஒன்பது வரியை ‘நான் கோபக்காரி’ என்ற ஒற்றை வரியோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். குறிப்பில் நேரம் இருக்கிறது; அந்த நேரத்தில் பசியும் அலுவலகம் முடிந்து வந்த களைப்பும் இருந்திருக்கலாம். இடம் இருக்கிறது, அடுப்படியிலிருந்து ஹாலில் பேசுவது அரைகுறையாகத்தான் கேட்கும். மனதில் ஓடிய வாக்கியம் இருக்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம், ஊகமாகவும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோபத்தைவிட அவமானத்துக்கு அதிக மதிப்பெண் விழுந்திருக்கிறது. தன்னைக் கோபக்காரி என்று இத்தனை வருடம் எண்ணிவந்தவர், தான் அவமானப்பட்டுக்கொண்டிருப்பதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கிறார். இரண்டுக்கும் செய்யவேண்டியவை வேறு வேறு. கோபத்தை அடக்கச் சொல்லி ஊரே அறிவுரை தரும். அவமானத்துக்கு அடக்குவது மருந்தாகாது. இப்படிப் பத்துப் பதினைந்து குறிப்புகள் சேர்ந்தபின் ‘ஏன்’ என்று கேட்டால் அந்தக் கேள்விக்குக் கால் ஊன்ற மண் கிடைக்கிறது. ஹாலில் சிரிப்புக் கேட்கும்போது மட்டுமா, அலுவலகத்தில் இரண்டு பேர் குசுகுசுத்தாலுமா? மாமியார் இல்லாத வாரத்தில் என்ன ஆயிற்று? இவை விசாரிக்கக்கூடிய கேள்விகள்.

உணர்ச்சியை இவ்வாறு உடம்பிலும் சூழலிலும் வைத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களாக நான்கு நான்கைத் தருகிறது. உள்ளத்தில் எழுவது மெய்யில் வெளிப்படுகிறது என்பதே அந்த இயலின் அடிப்படை. அது செய்யுளுக்கு வகுத்த இலக்கணம்தான், சிகிச்சை நூல் அல்ல. ஆனாலும் அழுகைக்கு அது தரும் நான்கு நிலைக்களன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்: இழிவு, இழப்பு, நிலை தாழ்தல், வறுமை. நான்கும் மனிதருக்கும் உலகத்துக்கும் இடையில் நிகழ்பவை. அழுகிறவரின் குணக்கேடு என்று ஒன்றையும் அந்தப் பட்டியல் சேர்க்கவில்லை. கோபத்துக்கும் அவமானத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்து, இளிவரலை வெகுளியிலிருந்து பிரித்தும் வைத்திருக்கிறது. நம் பள்ளிகளில் மனப்பாடப் பகுதியாகக் கடந்துபோகிற இந்த எட்டும், பதினாறு வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் நடப்பதைப் பிரித்துச் சொல்லப் பழகும் பாடமாக இருக்கலாம் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

பிரித்துச் சொல்வதற்குப் பலன் உண்டு என்று சோதனைகளும் காட்டுகின்றன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், அச்சமோ கோபமோ தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சொன்னபோது, அபாயத்துக்குத் துடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு தணிந்தது. 2012-இல் அதே பல்கலைக்கழகத்தில் சிலந்திப் பயம் உள்ளவர்களை ஒரு பெரிய சிலந்திக்கு அருகில் போகச் செய்தார்கள். ‘இந்த அருவருப்பான சிலந்தி என்மேல் தாவிவிடும் என்று பயமாக இருக்கிறது’ என்ற மாதிரித் தங்கள் பயத்தை அப்படியே வாய்விட்டுச் சொன்னவர்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, ‘சிலந்தி ஒன்றும் செய்யாது’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டவர்களைவிட உடலளவில் குறைவாகப் பதறினார்கள். பயப்படாதே என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆகவே இந்த முடிவை நம் வீடுகளில் நம்புவது கடினம். ஈத்தன் க்ராஸ் என்ற ஆய்வாளரின் 2014 ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. பதற்றமான நேரத்தில் தன்னை ‘நான்’ என்று எண்ணாமல், தன் பெயரைச் சொல்லியோ ‘நீ’ என்றோ தனக்குள் பேசியவர்கள் அந்தச் சூழலைத் தெளிவாகச் சமாளித்தார்கள். திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என்று இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. காதலில் தவிக்கும் பெண் தன் நெஞ்சை எதிரில் நிறுத்தி, அதோடு பேசுகிறாள், அதனிடம் ஊடுகிறாள். தன் வேதனைக்கும் தனக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியை அந்தப் பேச்சு உண்டாக்குகிறது. கவனிப்பதற்கு அந்த ஒரு சாண் வேண்டும்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, கடந்த காலத்தைப் பற்றியது. சிறுவயதில் நடந்தவைதான் வேர், வேரைத் தோண்டாமல் இலையைத் துடைத்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. என் தொழிலிலேயே பாதிப் பேர் கேட்பார்கள். கடந்த காலம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா இருவரும் 1998-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, குழந்தைப் பருவத்தில் அடி, வன்முறை, வீட்டில் குடிப்பழக்கம் போன்றவற்றைச் சந்தித்தவர்களுக்கு, அந்த அனுபவங்கள் கூடக் கூட, வளர்ந்தபின் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் இதய நோயும்கூட அதிகரிப்பதைக் காட்டியது. ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு நிறுவிய உண்மை அது. ஆனால் காரணம் அங்கே இருக்கிறது என்பது ஒன்று, காரணத்தைத் தெரிந்துகொண்டதும் மனம் மாறிவிடும் என்பது வேறொன்று. அப்பாவின் பெல்ட்டு அடிதான் தன் நடுக்கத்துக்குக் காரணம் என்று பல வருடமாகத் தெளிவாக அறிந்திருப்பவர், மேனேஜர் குரலை உயர்த்தியதும் இன்னமும் நடுங்குவார். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். நான்கு நாள், தினம் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த நிகழ்வை அதன் உணர்ச்சிகளோடு எழுதிய மாணவர்கள், எழுதிய உடன் இன்னும் மனம் கலங்கினார்கள். பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது அவர்களுக்குக் குறைந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பலன் சிறியதுதான், மிகைப்படுத்த வேண்டாம். பென்னிபேக்கர் அந்த எழுத்துகளின் சொற்களை எண்ணிப் பார்த்தபோது, பலன் அடைந்தவர்களிடம் ‘ஏனென்றால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் முதல் நாளைவிடக் கடைசி நாளில் கூடியிருந்தன. முதல் நாளே முழு விளக்கத்தோடு வந்தவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை. எழுத எழுத உருவான ‘ஏன்’ உதவியது. கொண்டுவந்த ‘ஏன்’ உதவவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் நம் மண்ணிலிருந்தே வருகிறது. தன்னைத்தானே கேள்வி கேட்பதுதானே நம் ஞான மரபு, ரமணர் கற்பித்தது அதைத்தானே என்பார்கள். தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902-ஐ ஒட்டித் திருவண்ணாமலையில் ரமணரிடம் கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாதிருந்த ரமணர் எழுத்தில் தந்த பதில்களே ‘நான் யார்?’ என்ற நூலின் அடிப்படை. அந்த மரபைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த விசாரத்தைப் படித்தவரை, அது காரணம் தேடும் விசாரம் அல்ல என்பது தெளிவு. ‘நான் ஏன் இப்படி ஆனேன்’ என்று அது கேட்கவில்லை. எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் ஓடாமல், இது யாருக்கு எழுந்தது என்று கவனத்தைத் திருப்பச் சொல்கிறது. தன்னைப் பற்றிய கதையைப் பெருக்கிக்கொண்டே போகும் வேலைக்கு நேர் எதிரானது அது. ராத்திரி மூன்று மணிக்கு அசைபோடுகிறவர் அதை ஆத்ம விசாரம் என்று எண்ணிக்கொள்ள அந்த நூலில் ஆதாரம் இல்லை. என் வேலை அதைவிடச் சிறியது, உலகியலானது. ஆனால் எழுகிற எண்ணத்தை உடனே நம்பிவிடாமல் அதைப் பார்க்க முடியும் என்ற ஒரு புள்ளியில் இரண்டும் முரண்படவில்லை.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது மூன்றாவது எதிர்வாதம். கடன், குடிகாரக் கணவன், சாதியின் பெயரால் அவமதிப்பு, வேலையில்லாமை, இவையெல்லாம் வெளியே இருக்கும்போது, துன்பப்படுகிறவரைப் பார்த்து உன் மனதைக் கவனி என்று சொல்வது குற்றத்தை அவர் தலையில் கட்டுவதாகாதா? ஆகும், கவனிப்பு மனதோடு நின்றுவிட்டால். நான் சொல்லும் கவனிப்பு அப்படி நிற்பதில்லை. ஒருவருடைய குறிப்பேட்டில் நெஞ்சு படபடப்பு மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் வருகிறது, அது வட்டிக்காரர் வீட்டுக்கு வரும் வாரம் என்றால், அந்த நோட்டே நமக்குச் சொல்லிவிடுகிறது, இது மனக்கோளாறு அல்ல, கடன் என்று. ‘நான் பலவீனமானவள்’ என்ற பழைய விளக்கம்தான் வட்டிக்காரரை மறைத்துவைத்திருந்தது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரே நகரில் பதினான்கு பாட்டிமார்களோடு தொடங்கிய ‘நட்பு பெஞ்சு’ இதற்குச் சரியான சான்று. சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப்பெஞ்சு. பயிற்சி பெற்ற பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவரின் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கிறார். 2016-இல் 573 பேரைக் கொண்ட சோதனையின் முடிவு வெளியானது. பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. அந்தப் பாட்டிமார் வறுமையை ஒழிக்கவில்லை. எல்லாம் ஒன்றாகத் திரண்டு அழுத்திய ஒரு மூட்டையைப் பிரித்து, எது எதுவென்று காட்டினார்கள்.

இந்தக் கவனிப்பு மனநோய்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, எழுந்து பல் துலக்கவும் முடியாத அளவுக்குப் போன மனச்சோர்வு, இவற்றுக்கு மருந்தும் மனநல மருத்துவரும் வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஓடுகிறவரிடம் நோட்டுப் போடச் சொல்லிவிட்டு அனுப்பக்கூடாது. உடனே ஆள் துணை வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சொல்வதற்கு ஒருவர் வேண்டும் என்று தொடக்கத்தில் எழுதினேன். நோட்டில் எழுதினால் போதாதா என்றால், பலருக்கு ஓரளவு போதும். ஆனால் நமக்குத் தெரியாத நம்மில் ஒரு பகுதி மற்றவர்களுக்குத் தெரியும். சிமின் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம், தன்மதிப்பு போன்ற உள்ளே நடப்பவற்றை அவரவரே சரியாக மதிப்பிட்டார்கள். அறிவுத்திறன் போல, நல்லது கெட்டது என்ற மதிப்புக் கலந்தவற்றை நண்பர்கள் மேலாக மதிப்பிட்டார்கள். தன்மதிப்பு குறுக்கே நிற்கும் இடத்தில் நம் கண் மங்கிவிடுகிறது. இது ஆலோசகர்களுக்கும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் 2012-இல் மனநலத் தொழிலில் இருப்பவர்களிடம், சக தொழிலாளரோடு ஒப்பிட்டு உங்கள் திறனை மதிப்பிடுங்கள் என்று கேட்டபோது, தான் சராசரிக்குக் கீழ் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு 1940-களின் தொடக்கத்திலேயே ஒரு வழி கண்டார். ஒஹாயோவில் தன் ஆலோசனை அமர்வுகளை இசைத்தட்டுகளில் பதிவு செய்து, ஒரு முழுச் சிகிச்சையையும் சொல்லுக்குச் சொல் எழுதி 1942-இல் அச்சிட்டார். அதுவரை சிகிச்சை அறையில் நடந்தது என்ன என்பதற்கு, சிகிச்சையாளர் பிறகு நினைவிலிருந்து எழுதிய குறிப்பே பெரும்பாலும் சான்று. தட்டு சுழன்றபோது, கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தவர் எங்கே குறுக்கிட்டார், எங்கே அறிவுரையை நுழைத்தார் என்பது காதில் விழுந்தது. நல்ல கேட்பவர் செய்வது மிகக் குறைவு. “ஆறேகால் மணிக்கா? அப்போ நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?” என்பார். அதன்பின் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தை நிரப்பிவிடாமல் இருக்கப் பழகுவதற்குத்தான் எங்கள் பயிற்சியில் பெரும்பங்கு போகிறது.

இப்படிக் கேட்பவர்களுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. 2015-16-இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பான்மையோர் எந்தச் சிகிச்சையிலும் இல்லை. என்னைப் போன்றவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறோம், ஒரு அமர்வுக்கு நாங்கள் வாங்கும் கட்டணம் பலருக்கு ஒரு நாள் கூலியைவிட அதிகம். ஆனால் கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் செய்துபார்த்து 2017-இல் வெளியிட்ட சோதனை எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுடன் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். அன்றாடத்தில் எதைச் செய்தபோது மனம் எப்படி இருந்தது என்று கவனித்து, கைவிட்டுப்போன வேலைகளைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கவைப்பதுதான் முறையின் மையம். வந்தவர்களின் மனச்சோர்வு குறைந்தது; அந்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் பெருமளவு நிலைத்திருந்தது. அந்த ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவைக் குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டு, தங்கள் குறைகளைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தப் பயிற்சியையும், அதற்கு ஏற்ற சம்பளத்தையும், பதிவுகளைச் சேர்ந்து கேட்க வாரத்தில் ஒரு மதியத்தையும் அரசு ஒதுக்கித் தர வேண்டும்.